மூன்று வடங்களும் ஒரு கறுப்பு அரைஞாணும்

உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் தொட்டிலில் கிடந்த காலத்துக்கும் வெகு முன்னால், மருதவேலி என்று ஓர் ஊர் இருந்தது. அங்கே மேலத்தெரு, கீழத்தெரு, ஆற்றுத்தெரு என்று மூன்று தெரு. ஊர்த்தேருக்கும் மூன்று வடம், தெருவுக்கு ஒன்று. தேர்நாளில் எல்லாரும் தங்கள் தெரு வடத்தைப் பிடிக்க வேண்டும். எந்த வடமும் பிடிக்காதவன் பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனாலேயே யாரும் மீறவில்லை.

அந்த ஊரை நோக்கி வந்தான் சேந்தன் என்றொரு விறகுவெட்டி. அவன் பிறந்த ஊரை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. உறவென்று ஒருவரும் இல்லை. வழியில் காட்டுக்குள் ஒரு பூதம் பசியில் சுருண்டு கிடந்தது. பசித்த பூதம் ஆளைத் தின்னும் என்று உங்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனாலும் பாவமாக இருந்தது. தன் கட்டுச்சோற்றை அவிழ்த்து வைத்தான்.

தின்று முடித்த பூதம், "என்ன வேணும், கேளு" என்றது.

"யாராச்சும் என்னை 'நம்ம ஆளு'ன்னு சொல்லணும்."

பூதம் நல்ல பூதம்தான், புத்திதான் கொஞ்சம் மட்டு. கறுப்பு அரைஞாண் ஒன்றை அவன் இடுப்பில் கட்டியது. "இனிமே எங்க போறியோ அந்த இடத்து ஆளாவே ஆயிடுவ. இதை அவிழ்க்க முடியாது, வெட்ட முடியாது. சுத்தி நிக்கிறவங்க யாரும் சொல்லாத ஒண்ணை மனசாரச் சொன்னா, தானா அறுந்து விழும்."

"அதை நான் ஏன் சொல்லப்போறேன்?" என்று சிரித்தான் சேந்தன்.

மேலத்தெருவுக்குப் போனான். அங்கே சாப்பாட்டில் முதலில் மோர், கடைசியில்தான் குழம்பு. இவன் கையும் தானாக மோருக்குப் போயிற்று. "நம்ம ஆளு" என்றார்கள். கீழத்தெருவில் விடைபெறுகிறவர்கள் வாசல்வரை பின்பக்கமாகவே நடப்பார்கள். இவன் காலும் பின்னால் நடந்தது. "நம்ம ஆளு" என்றார்கள். ஆற்றுத்தெருவில் கல்யாணம் என்றால் தெருவே அழும். இவனும் ஒரு கல்யாணத்தில் தேம்பித் தேம்பி அழுதான். கேட்க வேண்டுமா, அங்கேயும் "நம்ம ஆளு"தான்.

அந்தக் கல்யாணத்தில்தான் ஓடக்காரர் மகள் சிலம்பாயியைப் பார்த்தான். இருவருக்கும் பிடித்துப்போயிற்று.

ஒருநாள் அவள் கேட்டாள். "மச்சான், தேர் முடிஞ்சதும் பரிசம் போடலாம்னு அப்பா சொல்றார். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். மீன் குழம்புல மாங்கா போட்டா உனக்குப் பிடிக்குமா?"

"உனக்கு?"

"என்னை விடு, உன்னைத்தான் கேக்குறேன்."

சேந்தன் யோசித்து யோசித்துப் பார்த்தான். "நீ சொல்லு, அப்புறம் சொல்றேன்."

அவள் முகம் வாடிவிட்டது. "எதைக் கேட்டாலும் இதேதான் சொல்ற. நான் யாரைக் கட்டிக்கப்போறேன்னே தெரியல மச்சான்."

அன்றிலிருந்து அவனுக்குக் குழப்பம் பிடித்துக்கொண்டது. தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் கை எதை எடுப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. சிலம்பாயியைப் பிடித்திருப்பது எனக்கா, இல்லை இந்த அரைஞாண் ஆக்கிவைத்த ஆற்றுத்தெருக்காரனுக்கா? கேட்கக் கேட்கப் பயமாக இருந்தது.

தேர்நாள் வந்தது. மூன்று தெருவும் ஒரே இடத்தில் கூடின. "நம்ம ஆளு, இங்க வா" என்று மேலத்தெரு கையைப் பிடித்தது. கீழத்தெரு மறுகையைப் பிடித்தது. ஆற்றுத்தெரு இடுப்பைப் பிடித்து இழுத்தது. சேந்தன் மோர் கேட்டான், பின்னால் நடந்தான், அழுதான், மறுபடி மோர் கேட்டான்.

"டேய், நீ எந்தத் தெருடா?" என்று அதட்டினார் தேர் மணியக்காரர்.

ஒரு தெருவின் பெயரைச் சொன்னால் போதும். வடம் உண்டு, வீடு உண்டு, சிலம்பாயி உண்டு. சேந்தன் அவளைப் பார்த்தான். அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"தெரியல" என்றான். "நான் யாருன்னே எனக்குத் தெரியலய்யா."

மருதவேலியில் அப்படியொரு பேச்சை அதுவரை யாரும் பேசியதில்லை. அரைஞாண் அறுந்து காலடியில் விழுந்தது. மூன்று தெருவுக்கும் அவன் சட்டென்று அந்நியனாகத் தெரிந்தான்.

"வடமில்லாதவன் கிளம்பு" என்றார் மணியக்காரர். சேந்தன் தலைகுனிந்து நடந்தான்.

சிலம்பாயி வடத்தைக் கீழே போட்டாள். "எங்க அம்மா மேலத்தெரு, அப்பா ஆற்றுத்தெரு. கல்யாண வீட்ல எனக்கு ஒருநாளும் அழுகை வந்ததில்ல, கண்ணுல எச்சிலைத் தொட்டு வெச்சுப்பேன். நான் யாருன்னு எனக்கும் தெரியல. நானும் போறேன்."

மேலத்தெருவில் ஒருவர் மெல்ல, "எனக்கு மோர் ஒத்துக்கவே ஒத்துக்காது" என்றார். அவர் கையும் வடத்தை விட்டது. பிறகு இன்னொரு கை. பிறகு பல கைகள். பிடிக்க ஆளில்லாமல் மூன்று வடமும் மண்ணில் கிடந்தன.

மணியக்காரர் வடத்தைப் பார்த்தார், தேரைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "சாமி வெயில்ல நிக்குதப்பா. அவங்கவங்க கைக்கு எட்டுனதைப் பிடிங்க" என்றார்.

சேந்தன் ஓடிவந்து ஒரு வடத்தைப் பிடித்தான். எந்தத் தெரு வடம் என்று பார்க்கவில்லை. பக்கத்தில் சிலம்பாயி வந்து நின்றாள். தேர் அசைந்து நகர்ந்தது. பின்னாலிருந்து யாரோ, "சேந்தா, இன்னும் பலமா இழு" என்றார்கள். அந்த ஊரில் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் இழுத்தான்.

தேரும் நிலை சேர்ந்தது, கல்யாணமும் நடந்தது. அந்த விருந்தைச் சாப்பிடாதவர்கள் நீங்களும் நானும்தான்.