மெழுகைச் சேமித்த தாய்

குளக்கரையில் ஒரு சப்பைக் கல் கிடந்தது. அதன் அடியில், வால் நுனியில் இடுக்கி போன்ற கொடுக்கு உள்ள இடுக்கிப்பூச்சி ஒன்று முட்டையிட்டிருந்தது.

அந்த இனத்துத் தாய்கள் முட்டையை விட்டு நகர்வதில்லை. ஒவ்வொன்றாக வாயில் எடுத்து, புரட்டிப் புரட்டி நக்கும். தன் உடம்பின் மேல் ஊறும் மெழுகை அதன் மேல் பூசும். மெழுகு இருந்தால் காற்று முட்டையின் ஈரத்தை உறிஞ்சாது, பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. ஆனால் பூசியது நிற்காது, தேய்ந்துபோகும். அதனால் பகலெல்லாம் அதே வேலைதான்.

தவளை ஒன்று எட்டிப் பார்த்தது.

"என்ன தாயி, இன்னும் நக்கி முடியலையா? நான் போட்டேன், போனேன். என் பிள்ளை எதிர்ல வந்தா எனக்கே அடையாளம் தெரியாது."

"உன் பிள்ளைக்குத் தண்ணி இருக்கு. என் பிள்ளைக்கு என் வாய்தான் இருக்கு," என்றது இடுக்கிப்பூச்சி.

தவளை சிரித்துக்கொண்டே குதித்துப் போனது.

கோடை வந்தது. அனல் காற்று வீசியது. குளம் சுருங்கியது. இடுக்கிப்பூச்சியின் முதுகில் இருந்த பளபளப்பு மங்கியது. கால் மூட்டுகள் காய்ந்து வலித்தன. காவலை விட்டு இரை தேடப் போகாததால் புது மெழுகும் சரியாக ஊறவில்லை.

பக்கத்து வளையில் இருந்த சாணி வண்டு அதைப் பார்க்க வந்தது. நல்ல மனசுக்காரி.

"உன் மேனியைப் பார்த்தியா தங்கச்சி? காஞ்ச சருகு மாதிரி ஆயிட்ட."

"முட்டைக்குப் பூசணும்லக்கா."

"நீ செத்துட்டா, பொரிஞ்சு வர்றதுகளுக்கு யாரு இருக்கா? இருக்கிற மெழுகை உன் உடம்புலயே வச்சுக்கோ. பிள்ளைக வெளிய வரட்டும். அப்புறம் மொத்தத்தையும் அதுகளுக்கே குடு. நானும்தான் முட்டை வச்சேன். என்னைக்காவது நக்கியிருப்பேனா? எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

சாணி வண்டு பொய் சொல்லவில்லை. அது தன் முட்டையைச் சாணி உருண்டைக்குள் வைத்து மண்ணில் புதைத்துவிடும். அந்தச் சுவர் கனமானது. இடுக்கிப்பூச்சியின் முட்டைக்கோ மெழுகைத் தவிர வேறு சுவர் கிடையாது. இது இரண்டுக்குமே தோன்றவில்லை.

'எனக்காகவா சேர்த்து வைக்கிறேன்? அவர்களுக்காகத்தானே' என்று இடுக்கிப்பூச்சி நினைத்தது. நக்குவதை நிறுத்தியது.

முட்டைகளின் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தது. வாய் தானாகத் துடித்தது. அடக்கிக்கொண்டது. அப்படி அடக்க முடிந்ததைப் பற்றி அதற்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மெல்ல முதுகில் மினுமினுப்பு திரும்பியது.

ஒரு பிற்பகலில் கோடை மழை கொட்டியது. கல்லுக்கு அடியில் ஈரமும் புழுக்கமும் சேர்ந்தன. ஒரு முட்டையின் மேல் சாம்பல் நிறத்தில் ஓர் இழை தெரிந்தது. தூசி என்று நினைத்து இடுக்கிப்பூச்சி தட்டிவிட்டது. அது போகவில்லை. பக்கத்து முட்டையிலும் இழை இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது.

அதன் பிறகு இடுக்கிப்பூச்சி நக்குவதை நிறுத்தவே இல்லை. இழைகளைக் கடித்து எடுத்தது. சேர்த்து வைத்திருந்த மெழுகையெல்லாம் வழித்து வழித்துப் பூசியது. சாகப்போகிறோமோ என்றுகூட நினைக்கவில்லை. ஆனால் பூஞ்சை முட்டையின் ஓட்டைத் துளைத்து எப்போதோ உள்ளே போயிருந்தது. மெழுகு ஓட்டின் மேலேதான் படிந்தது.

மழை ஓய்ந்ததும் சாணி வண்டு வந்தது.

"அடேயப்பா, எவ்வளவு பளபளன்னு இருக்கு! எப்ப பொரியும்?"

"பொரியாதுக்கா."

"ஏன் அப்படிச் சொல்ற? இவ்வளவு அழகா இருக்கே."

"உள்ள யாரும் இல்ல."

சாணி வண்டு ஒரு முட்டையைத் தொட்டுப் பார்த்தது. அது லேசாக இருந்தது. "நான் உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்," என்றது.

"ஆமாக்கா. நானும் அதுகளோட நல்லதுக்குத்தான் உன் பேச்சைக் கேட்டேன்," என்று சொல்லிவிட்டு, இடுக்கிப்பூச்சி அடுத்த முட்டையை வாயில் எடுத்து நக்கத் தொடங்கியது.

பிள்ளைக்கு இன்று வேண்டிய காவலை நாளைக்கென்று எடுத்து வைத்தால், நாளை காவல் இருக்கும், பிள்ளை இருக்காது.