மேலே நின்ற கை

"நான் செஞ்ச தப்பு என்ன மாஸ்டர்? அதை மட்டும் சொல்லுங்க."

ஜெபசிங் வந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. செருப்பை உதறிய உதறலிலேயே தெரிந்தது, ஆள் கொதித்துப்போய் வந்திருக்கிறான் என்று.

தூத்துக்குடியில் ஒரு கல்லூரிக்கு அவன்தான் கூடைப்பந்து கோச். தலை பாதி நரைத்துவிட்டது. அந்தக் காலத்தில் அவனுக்கே கோச்சாக இருந்த வேதமாணிக்கம் மாஸ்டர், களத்தின் ஓரமாகக் குத்தவைத்துப் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"விஷயத்தைச் சொல்லுடே."

"ஃபைனல் மாஸ்டர். ஒரு பாயின்ட் முன்னால நிக்கோம். கடைசி நேரம். எதிராளி பந்தைப் போட எம்புதான். எங்க கேப்டன் இசக்கிராஜா அவன் மணிக்கட்டுல லேசாத் தட்டிட்டான். பந்து விழல. ரெஃப்ரி பாக்கல. ஒருத்தனும் பாக்கல."

"சரி."

"இந்தக் கூமுட்டைப் பய தானே கையைத் தூக்கிட்டு நிக்கான். 'ஃபவுல் என்னுது சார்'ங்கான். அப்புறந்தான் ரெஃப்ரி விசிலே அடிச்சான். எதிராளிக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. ரெண்டும் விழுந்துட்டு. கப் போச்சு."

மாஸ்டர் பந்தைத் தரையில் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். காற்று போதவில்லை. மறுபடி பம்பை எடுத்தார்.

"தாளாளர் கூப்பிட்டு விட்டாரு. அந்தப் பயலை டீம்ல இருந்து தூக்கு, இல்லன்னா நீ வீட்டுக்குப் போ, சாயங்காலம் போன் பண்ணுவேன், முடிவைச் சொல்லுங்காரு."

இந்தத் தாளாளர் பந்தைக் கையால் தொட்டதே போட்டோவுக்காகத்தான். அவர்தான் தீர்ப்புச் சொல்கிறார்.

"என் வாழ்க்கையே அந்த மைதானத்துலதான் போச்சு. கல்யாணத்தன்னைக்குக்கூடக் காலையில ப்ராக்டிஸ் வச்சேன். எனக்கு இந்த மரியாதை."

"தூக்கிட்டா அந்தப் பையன் என்ன ஆவான்?"

"ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சேந்தவன். டீம்ல இல்லன்னா ஹாஸ்டல் கிடையாது, சோறு கிடையாது. அவங்க அப்பாகூட உப்பளத்துக்குப் போவான். போகட்டும். தூக்கத்தான் போறேன்."

"கையைத் தூக்கச் சொல்லிக்கொடுத்தது நீதானேடே?"

"அது ப்ராக்டிஸ்ல மாஸ்டர். நம்ம ப்ராக்டிஸ்ல விசிலே கிடையாது. தட்டினவன் தானே கையைத் தூக்கணும். நீங்க எங்களை அப்படிப் பழக்குனீங்க, நான் அவனுகளை அப்படிப் பழக்குனேன். அதுக்காக ஃபைனல்லயா? ப்ராக்டிஸ் வேற, ஃபைனல் வேறன்னு காலேஜ் படிக்கிற பயலுக்குத் தெரிய வேண்டாமா?"

மாஸ்டர் பந்தை எடுத்துக்கொண்டு களத்துக்குள் போனார்.

"வா. நான் போடுதேன், நீ மறி. விழுந்தா அந்தப் பையனைத் தூக்கப்பிடாது. விழலன்னா தூக்கிரு. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

"இது விளையாட்டு இல்ல மாஸ்டர்."

"தெரியும். மறி."

ஜெபசிங்குக்கு இருந்த ஆத்திரத்தில் எதிரே நிற்பது மாஸ்டர் என்பதுகூட மறந்துவிட்டது. அவர் எம்பினார். இவனும் முழு மூச்சாக எம்பினான்.

பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்து, வேலிப்பக்கம் உருண்டுபோனது.

"ஜெயிச்சிட்டேடே," என்றார் மாஸ்டர், மூச்சு வாங்கிக்கொண்டே. "போ. அவனைத் தூக்கிரு."

ஜெபசிங் நகரவில்லை.

"பின்ன ஏன் இப்படி நிக்கே?"

அப்போதுதான் அவனே கவனித்தான். அவனுடைய வலது கை தலைக்கு மேலே நின்றது.

"உங்க மணிக்கட்டுல பட்டுட்டு மாஸ்டர்."

"எனக்குத் தெரியலையே. விசில் அடிக்கவும் இங்க ஆளில்ல."

"பட்டுட்டு."

சட்டைப்பையில் போன் அடித்தது. எட்டிப் பார்த்தான். தாளாளர்.

போனை எடுக்கக் கையை இறக்கப் போனான்.

"அது அங்கேயே இருக்கட்டும்," என்றார் மாஸ்டர். "இடது கையால எடுத்துப் பேசு."