இரண்டு கேள்வி வக்கீல்

"கையெழுத்து மட்டும் விழமாட்டேங்குதும்மா" என்றார் தில்லைநாயகம்.

சொல்லிவிட்டு, மடியில் இருந்த காகிதக் கட்டைத் தட்டிக் காட்டினார். பதினொரு பக்கம். அச்செடுத்து, பக்க எண் போட்டு, பின் அடித்துத் தயாராக இருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் அவர் பெயர். பெயருக்கு மேலே வெற்றிடம்.

மடத்து அம்மா பாயில் உட்கார்ந்து அகத்திக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

இந்த இரண்டு பேரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். குருவுக்கு வயது நாற்பத்து மூன்று. சீடருக்கு அறுபத்திரண்டு. ஊரில் இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும். மனைவி தவறிப்போன வருஷம் இந்த ஆற்றங்கரை மடத்துக்கு வந்தவர், ஆறு வருஷமாக ஒரு ஞாயிறு தவறவிட்டதில்லை. அம்மா முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனால் அடுத்த ஞாயிறு வரைக்கும் நிம்மதியாக மூச்சு விடலாம் என்பார்.

முப்பது வருஷம் தொழிலாளர் கோர்ட்டில் வழக்காடியவர். இப்போது கம்பெனிக்காரர்களும் கடைக்காரர்களும் அவரை விசாரணை அதிகாரியாகக் கூப்பிடுகிறார்கள். தொழிலாளி மேல் முதலாளி ஒரு குற்றம் சொல்கிறார் என்று வையுங்கள். அவரே குற்றம் சொல்லி, அவரே விசாரித்து, அவரே தண்டித்தால் நன்றாகவா இருக்கும்? அதனால் வெளியாள் ஒருவர் வந்து இரண்டு தரப்பையும் கேட்டு, குற்றம் உண்டா இல்லையா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வெளியாள்தான் தில்லைநாயகம். அவர் உண்டு என்று எழுதினால் மறுநாள் காலையில் ஒருவருக்கு வேலை இருக்காது.

'இரண்டு கேள்வி வக்கீல்' என்றே அவருக்குப் பேர். உத்தரவு இருந்ததா? மீறினாயா? இந்த இரண்டுதான் கேட்பார். இரண்டுக்கும் ஆமாம் என்று வந்துவிட்டால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார். இவ்வளவு சுத்தமாக வேலை பார்க்கிறவர் ஜில்லாவிலேயே கிடையாது என்று முதலாளிமார் சொல்வார்கள். அவருக்கும் அதில் பெருமைதான், ஒளிப்பானேன்.

"யாரு விஷயம் இது?" என்று கேட்டார் அம்மா.

இசக்கியம்மாள். டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் பதினாறு வருஷமாக நிற்கிறவள். நிற்கிறவள் என்றால் நிஜமாகவே நிற்கிறவள்தான். காலை ஒன்பதரைக்கு மாடி ஏறினால் கடை சாத்தித்தான் இறங்க வேண்டும். கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது, முதலாளி நூற்றுப்பத்து பிளாஸ்டிக் முக்காலி வாங்கிப் போட்டார். கவுண்டருக்குப் பின்னால் வரிசையாகக் கிடக்கின்றன. லேபர் ஆபீசர் வந்து எண்ணிப் பார்த்துவிட்டு, காபி சாப்பிட்டுவிட்டுப் போனார். வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரத்தில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவைத்தார்.

ஆடித் தள்ளுபடியில் யாரும் இல்லாத நேரம் ஏது?

அந்தக் கூட்டத்தில் ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு இசக்கியம்மாள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சூப்பர்வைசர் வந்து எழுந்திரு என்றார். எழவில்லை. மறுபடியும் சொன்னார். எழவில்லை. மூன்றாம் தரம் கூட்டத்துக்கு நடுவே சத்தம் போட்டார். அவள் மடியில் கிடந்த சேலையை மடித்துக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

மேலதிகாரியின் உத்தரவை மீறினாள் என்று மெமோ கொடுத்தார்கள். வேலை போய்விட்டால் அந்தத் தெருவில் வேறு எந்தக் கடையும் அவளைச் சேர்க்காது. கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் போனில் சொல்லிவிடுவார்கள். வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் அவள் ஒருத்திதான். மகள் நர்சிங் படிக்கிறாள், இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

இதையெல்லாம் தில்லைநாயகம் தேதி மாறாமல் வரிசைப்படி சொன்னார். வக்கீல் அல்லவா.

"உத்தரவு இருந்துதா?" என்றார் அம்மா.

"இருந்துதும்மா."

"மீறினாளா?"

"மீறினா. அவளே ஒத்துக்கிட்டா."

"பிறகென்ன, கையெழுத்தைப் போட்டுருங்க."

வக்கீலுக்குச் சுருக்கென்றது. இதைக் கேட்கவா பஸ் ஏறி வந்தோம் என்றிருந்தது.

தானாகவே விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். சட்டம் இருக்கை வேண்டும் என்கிறது, இருக்கை இருக்கிறது. அப்படி ஒரு உத்தரவு போடச் சூப்பர்வைசருக்கு அதிகாரம் உண்டா என்பது தன் கையில் கொடுத்த குற்றச்சாட்டில் இல்லை. இல்லாததை விசாரணை அதிகாரி ஏன் தோண்ட வேண்டும்? வேண்டுமானால் அவள் கோர்ட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளட்டும். கோர்ட்டில் தீர்ப்பு வர எத்தனை வருஷம் ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதை மட்டும் சொல்லவில்லை.

"எல்லாம் மொறைப்படிதான் செஞ்சிருக்கேன். நாளைக்குக் குடுத்தாகணும். மூணு நாளா பேனாவை எடுக்கேன், வைக்கேன். ஏம்மா இப்படி?"

அம்மா கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"வாசிங்க. கேப்போம்."

தில்லைநாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியைப் படித்தார். அம்மா எழுந்து நின்றார்.

ஏதோ எடுக்க எழுகிறார் என்று நினைத்தார். அம்மா எதையும் எடுக்கப் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, அவரைப் பார்த்தபடி நின்றார்.

தில்லைநாயகம் படக்கென்று எழுந்துவிட்டார். அம்மா நிற்கும்போது மடத்தில் யாரும் உட்காருவதில்லை. அப்படி எந்தச் சுவரிலும் எழுதிப் போடவில்லை. யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததும் இல்லை.

"நீங்க உக்காருங்க" என்றார் அம்மா.

"நீங்க நிக்கிறீங்களேம்மா."

"நான் நிப்பேன். நீங்க வாசிங்க."

உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்வதைவிட, பாயின் நுனியில் பாதி உடம்பை வைத்தார் என்று சொல்லலாம். மூன்று வரி படித்தார். கண் எழுத்தில் ஊன்றவில்லை. காகிதத்துக்கு அந்தப் பக்கம் அம்மாவின் பாதங்கள் தெரிந்தன. பித்தவெடிப்பு ஓடிய பாதங்கள். விடியற்காலையிலிருந்து நாற்பது பேர் சாப்பாட்டுக்காக அடுப்படியில் நின்ற கால்கள் அவை. நாம் என்ன மனுஷன் என்று தோன்றிவிட்டது அவருக்கு.

மறுபடியும் எழுந்துவிட்டார்.

"உக்காருங்கன்னேன்."

குரல் உயரவில்லை. ஆனால் அந்தக் குரலை அவர் இதுவரை கேட்டதில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அங்கே வேலையாக இருந்த இரண்டு பெண்களும் வாசல்படியில் வந்து நின்று பார்த்தார்கள். தில்லைநாயகம் உட்கார்ந்தார். பக்கத்தைப் புரட்டினார். அந்தப் பக்கம் முடிவதற்குள் முழங்கால் தானாக நிமிர்ந்துவிட்டது. காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"ஆறு வருஷமா வாரீங்க" என்றார் அம்மா. "நான் சொன்ன எதையாவது தட்டியிருக்கீங்களா?"

"இல்லம்மா."

"இப்ப மூணாம் தரம் சொல்லுதேன். உக்காருங்க."

தில்லைநாயகம் உட்காரவில்லை. அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. குருவின் மேல் கோபம் வருகிறதே என்று பயமாகவும் இருந்தது. கண் கலங்கிவிட்டது மனுஷருக்கு. வாசல்படியில் நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அம்மா கையை நீட்டினார். தில்லைநாயகம் காகிதக் கட்டைக் கொடுத்தார். அம்மா கடைசிப் பக்கத்தைப் பிரித்து, குற்றம் நிரூபணமானது என்ற வரியில் விரலை வைத்தார்.

"உத்தரவு இருந்துதா, வக்கீலய்யா?"

"இருந்துது."

"மீறினீங்களா?"

"மீறினேன்."

"அப்ப இதுல உங்க பேரையும் சேத்து எழுதிருவோமா?"

அதற்கு மேல் பொறுக்கவில்லை. கோர்ட்டில் ஒரு காலத்தில் நீதிபதியையே நிமிர்ந்து பார்க்க வைத்த குரல், எங்கிருந்துதான் வந்ததோ, வந்துவிட்டது.

"அது எப்படிம்மா? போடக்கூடாத உத்தரவைப் போட்டுட்டு, ஏன் மீறினேன்னு என்னையக் கேட்டா எப்படி? மொதல்ல அந்த உத்தரவு செல்லு..."

நிறுத்திக்கொண்டார்.

அம்மா உட்கார்ந்தார். கீரைத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் மறுபடியும் கேட்டது.

விசாரணை அதிகாரியாக இத்தனை வருஷத்தில் எத்தனை பேரிடம் அந்த இரண்டு கேள்வியைக் கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தார் தில்லைநாயகம். ஞாபகம் வந்த முகங்களை விட வராத முகங்கள்தான் அதிகம். பதினொரு பக்கத்தையும் அங்கேயே விட்டுவிட்டு, விழுந்து கும்பிட்டுவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார்.

திங்கட்கிழமை காலை கடையின் நாலாவது மாடியில் முதலாளி அறிக்கைக்காகக் காத்திருந்தார். தில்லைநாயகம் வெறுங்கையோடு வந்தார். விசாரணை இன்னும் முடியவில்லை என்றார். சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொன்னார், இசக்கியம்மாளையும் கூப்பிடச் சொன்னார். முதலாளிக்கு முகம் மாறியது. ஆனாலும் விசாரணை அதிகாரி சொன்ன பிறகு மறுக்க வழியில்லை, இருவரையும் வரவழைத்தார். டைப் அடிக்கிற பெண் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

சூப்பர்வைசர் தயாராகத்தான் வந்திருந்தார். உத்தரவு போட்டேன், மீறினாள் என்று கேட்பதற்கு முன்னாலேயே ஒப்பித்தார்.

"அது சரி" என்றார் தில்லைநாயகம். "உக்காரக் கூடாதுன்னு உத்தரவு போட உங்களுக்கு அதிகாரம் எங்கேருந்து வந்தது?"

சூப்பர்வைசர் முதலாளியைப் பார்த்தார்.

"அவரைப் பாக்காதீங்க. அடுத்து அவர்கிட்டயும் இதைத்தான் கேக்கப் போறேன்."