ஞானப்பூவின் பீப்பாய்

"ஒயின் குறையுது சிஸ்டர்" என்றார் ராயப்பன்.

"எந்தப் பீப்பாயில?"

"ஞானப்பூ பீப்பாயில."

சிஸ்டர் பெலிசித்தா கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்தார்.

அது கன்னியர் மடத்தின் நிலவறை. பூசைக்கு வேண்டிய சிவப்பு ஒயினை அங்கேதான் அவர் கலப்பார். அந்த மலைச்சரிவில் திராட்சை வைத்திருந்த எல்லோரும் அவரிடம்தான் ஒயின் போடப் படித்தார்கள். ராயப்பனும் படித்தார், அவர் மனைவி ஞானப்பூவும் படித்தாள். வயதில் சிஸ்டரை விட ராயப்பன் மூத்தவர். ஆனாலும் நிலவறைக்குள் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டித்தான் நிற்பார்.

ஞானப்பூ இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

"பீப்பாய் ஒழுகுதா?"

"இல்ல. சுத்தித் தடவிப் பாத்துட்டேன்."

"யாராவது எடுக்குறாங்களா?"

"கிடங்குச் சாவி என் அரைஞாண்லதான் கெடக்கு."

"அப்போ மரம் குடிக்குது. அது உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். ஆனா இப்போ வாடையும் மாறுது. புளிச்ச வாடை."

சிஸ்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, நீங்க நிரப்பலையா?"

ராயப்பன் தரையைப் பார்த்தார்.

சிஸ்டர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். பீப்பாய் மரம் கொஞ்சம் கொஞ்சமாக ஒயினைக் குடிக்கும். குடிக்கக் குடிக்க வேறு ஒயினை ஊற்றி வாய்வரை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே இடம் விழுந்தால் காற்று புகும். காற்று புகுந்தால் ஒயின் புளித்துக் காடியாகிவிடும். மருந்து கலக்காத ஒயினுக்கு இதை விட்டால் வேறு காவல் கிடையாது.

"எதை ஊத்தி நிரப்ப?" என்றார் ராயப்பன். "அவ போட்டது அவ்வளவுதான். வேற ஒயினை ஊத்துனா அது அவ ஒயினா இருக்காதே."

பிறகு ராயப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"டவுன்ல கம்பெனிக்காரங்க ஏதோ பொடி போடுறாங்களாம். ஒரு சிட்டிகை போட்டா கெடாதாம். அது உங்ககிட்ட இருக்குமான்னு கேக்கத்தான் வந்தேன்."

வேப்பம்புண்ணாக்கையும் சாணத்தையும் தவிர வேறு எதையும் தோட்டத்துக்குள் விடாத மனிதர். பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டைக்குப் போகிறவர். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்தது.

"ஞானப்பூ பொடி போட்டாளா?"

"இல்ல."

"பின்ன எப்படி இத்தனை வருஷம் கெடாம இருந்துச்சு?"

ராயப்பன் காலடியில் இருந்த தூக்குவாளியை எடுத்து முன்னால் வைத்தார்.

"தூக்குல என்ன?"

"அந்த ஒயின்தான். நீங்க குடிச்சுப் பாத்துச் சொல்லுவீங்கன்னு கொஞ்சம் கொண்டுவந்தேன்."

சிஸ்டர் தூக்குவாளியைத் திறந்து ஒரு கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினார். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்தார். பிறகு கோப்பையை ராயப்பன் பக்கம் தள்ளினார்.

"நீங்க குடிங்க."

"நானா?"

"இதை ஒரு நாளாவது குடிச்சிருக்கீங்களா?"

"இல்ல."

குடித்திருக்க முடியாது. அது அவர்கள் மகன் செத்த வருஷம் போட்ட ஒயின். பையனுக்கு ஒன்பது வயது, காய்ச்சலில் போனான். நீ முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றார் அவர். நீ வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்றாள் அவள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. தோட்டத்தையும் பிரித்துக்கொண்டார்கள். பன்னீர் திராட்சை நின்ற பள்ளத்துத் தோட்டம் அவருக்கு, சிறுமணிக் கருப்பு நின்ற மேட்டுத் தோட்டம் அவளுக்கு. அந்தச் சரிவில் பன்னீர் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். ஒரே கிடங்கில் அவர் பீப்பாய்கள் இந்த மூலையில், அவள் பீப்பாய் அந்த மூலையில். அந்த ஒரு பீப்பாயை அவள் பூசைக்குக்கூடக் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் முதல் பூசைக்குப் போவார், அவள் இரண்டாம் பூசைக்குப் போவாள். கோயிலில்கூடச் சேர்ந்து உட்கார மாட்டார்கள் என்று ஊர் பேசியது. ஊருக்கு வேறு என்ன வேலை.

"இப்போ ஒரு மடக்கு குடிச்சாலும் ஒரு மடக்கு குறையுமே சிஸ்டர்."

"குடிங்க. வாயில வச்சுக் கண்ணை மூடுங்க. என்ன தெரியுதோ ஒண்ணொண்ணா சொல்லுங்க. நான் சொல்லிக்குடுத்த மாதிரி."

ராயப்பன் குடித்தார். முகம் சுருங்கியது.

"காடி."

"அதை விடுங்க. அடியில என்ன?"

"கிராம்பு. மேட்டுத் தோட்டத்துப் பழத்துக்கு எப்பவும் அது உண்டு."

"அப்புறம்?"

"துவர்ப்பு. நாவப்பழத் துவர்ப்பு. காம்பை ஒழுங்கா ஆயாம போட்டிருக்கா. எப்பவும் அவசரம்."

குறை சொல்லத்தான் ஆரம்பித்தார். பாதியிலேயே கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம்?"

ராயப்பன் யாரும் சொல்லாமலே இன்னொரு மடக்கு குடித்தார்.

"பன்னீர் வாசம்" என்றார்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"பன்னீர்தான்."

"மேட்டுத் தோட்டத்துல பன்னீர்க் கொடி உண்டா?"

"அங்க ஏது? பன்னீர் பள்ளத்துலதான்…"

அவர் கண்ணைத் திறந்தார்.

நிலவறையில் எங்கோ ஒரு பீப்பாய் மெல்ல முனகியது.

"என் பீப்பாயில குறைஞ்சுக்கிட்டே இருந்துச்சு" என்றார் ராயப்பன். "மரம் குடிக்கிறதை விட அதிகமாவே குறைஞ்சுது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து பாத்தா தெரியும். நான் அவளை…"

"என்ன சொன்னீங்க?"

"களவாணின்னு சொன்னேன். வயித்தெரிச்சல்ல எடுத்துக் கீழ ஊத்துறியான்னு கேட்டேன். இத்தனை வருஷத்துல அவகிட்ட நான் பேசுன பேச்சு அது ஒண்ணுதான்."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. அடுத்த வாரமும் குறைஞ்சுது."

சிஸ்டர் கோப்பையின் விளிம்பைத் துணியால் துடைத்தார்.

"மடத்துல ஒயினுக்குப் பஞ்சமில்ல அண்ணே. நிரப்ப ஒரு குடம் குடுங்கன்னு கேட்டா குடுத்திருப்பேன். அவ ஒரு தடவைகூடக் கேக்கல."

ராயப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவியை அடக்கம் செய்த அன்று கண் கலங்காமல் மண் அள்ளிப் போட்டவர். இப்போது தோள் குலுங்கக் குலுங்க அழுதார். சிஸ்டர் அவரைத் தேற்றவில்லை. தூக்கில் மீதியிருந்ததைக் கோப்பையில் ஊற்றி அவர் பக்கத்தில் வைத்தார். ஒரு மடக்குக்குக் கணக்குப் பார்த்த மனிதர், காடியோடு சேர்த்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இப்பவே போயி என்னோடதை ஊத்தி நிரப்புறேன். பழையபடி ஆயிடுமா சிஸ்டர்?"

"ஆகாது. புளிச்சது புளிச்சதுதான்."

"அப்போ ஊத்தி என்ன புண்ணியம்?"

சிஸ்டர் காலித் தூக்கை எடுத்து மூடினார். அவர் கையில் கொடுத்தார்.

"பழையபடி ஆயிடும்னு நெனச்சுத்தான் அவ உங்களோடதை ஊத்துனாளா?"