முப்பிடாதியின் மூன்றாவது கலவை

சுரண்டையில், பொழுதுபோக்காகக் கம்ப்யூட்டரில் இசைக் கலவை (மிக்ஸிங்) செய்பவர்களுக்கு ஒரு மன்றம் இருந்தது. ஞாயிறுதோறும் அவரவர் கலவையைக் கேட்டுக் குறை நிறை சொல்பவர் தலைவர் கோமதிநாயகம். மூன்று முறை அவர் உதட்டைப் பிதுக்கினால் மன்றத்தில் இடமில்லை. ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் முப்பிடாதியின் முந்தைய இரண்டு கலவைகளுக்கும் பிதுக்கியாயிற்று.

அன்று அவள் நாகஸ்வரம் இடப்பக்கமும் தவில் வலப்பக்கமும் கேட்கும்படி பிரித்து வைத்துக் கொண்டுவந்திருந்தாள். தலைவர் ஹெட்போனை வலது காதில் மட்டும் பொருத்திக் கேட்டார். இடது காதில் வழக்கம்போல் போன். மகள் கல்யாணத்தில் முதல் பந்திக்கு யார் யார் என்று சம்பந்தியோடு பேச்சு.

"ஏ தாயி, நாகஸ்வரத்தையே காணோம். வெறும் தவிலுல்லா கேக்கு."

"சரி பண்ணித் தாரேன் அண்ணாச்சி."

"எதையும் கூட்டப்பிடாது, குறைக்கப்பிடாது. இப்பமே கேக்கணும். இல்லேன்னா உன் பேரை அடிச்சிருவேன்."

"கம்ப்யூட்டரையே தொட மாட்டேன்" என்றாள். ஹெட்போனை வாங்கி, இடம் வலமாகத் திருப்பி, அவருடைய அதே காதில் வைத்தாள்.

தலைவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா, நான் சொன்னதும் நாகஸ்வரம் வந்துட்டு." கொஞ்ச நேரம் தலையாட்டியவர் சட்டென்று நிறுத்தினார். "தவிலு எங்க போச்சு?"

"உங்க அந்தக் காதுலதான் பந்தி நடக்கே அண்ணாச்சி. அவங்க எந்திரிச்சதும் தவிலு வந்து உக்காந்துக்கிடும்."

மன்றம் சிரித்து ஓய்ந்தது. தலைவர் போனை அணைத்தார். இரண்டு காதாலும் கடைசிவரை கேட்டார். பிறகு மெல்லச் சொன்னார்:

"அந்தப் பழைய ரெண்டையும் போடு தாயி."