ராத்திரி முழிச்ச பூ

ஒரு அடிவாரத்துல ஒச்சப்பன், ஒச்சப்பன்னு ஒரு ஆளு இருந்தானாம். அவன் பொண்டாட்டி சிட்டம்மா, மலை மேல பூண்டு வெளையற ஊர்க்காரி. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போறப்பவே சொல்லிட்டா, "இந்தா பாருங்க, புள்ளைக்கு நீங்கதான் சேனை வைக்கணும். வேற யாரையும் விடமாட்டேன்." சேனைன்னா, பொறந்த புள்ள நாக்குல மொதமொதல்ல தொட்டு வைக்கிற இனிப்புத் தண்ணி. வைக்கிறவங்க கொணம் புள்ளைக்கு வரும்பாங்க. ஒச்சப்பன் கொணம் எவனுக்கு வேணும்னு ஊரே சிரிச்சுது. அவளுக்கு வேணும், அம்புட்டுதான். கேக்குறியா?

"ம்."

அப்புறம் ஒருநாள், வலி கண்டுருச்சுன்னு சேதி வந்துச்சு. ஒச்சப்பன் கருப்பட்டியை மடியில கட்டிக்கிட்டு ஓடினான். கடைசி பஸ்ஸு பாதி மலையோட நின்னுருச்சு. டீக்கடை பெஞ்சுல படுத்துக் கெடந்துட்டு, கோழி கூப்பிட நடையைக் கட்டினான். சரக்கு சரக்குன்னு சருகுல நடந்தான், நடந்தான், மேல பாதை ரெண்டாப் பிரியற எடத்துக்கு வந்துட்டான்.

அந்த எடத்துக்கு சிட்டம்மா சொல்லிக் குடுத்த அடையாளம் ஒண்ணுதான். "வெள்ளைப்பூ பூத்திருக்கற பக்கம் திரும்புங்க. அடுத்த பக்கம் போனா காட்டுமாடு மேயற பள்ளம்." அவன் எப்பவும் சாயங்காலமாப் போறவன், வெள்ளைப்பூவைப் பாத்து ஜம்முனு திரும்பிருவான். அன்னைக்கு விடியக்காலைல வந்து பாத்தா, வெள்ளைப்பூவையே காணோம். இந்தப் பக்கமும் ரோஸு, அந்தப் பக்கமும் ரோஸு.

அப்போ இதழை எண்ணினான். இங்கயும் நாலு, அங்கயும் நாலு. எலையைப் பாத்தான். அக்கா தங்கச்சி மாதிரி ஒரே சாடை. அப்படியே உக்காந்துட்டான். புள்ள காத்துக் கெடக்குமே, இவ யாரையும் விடமாட்டாளேன்னு கண்ணு கலங்கிருச்சு, பாவம்.

"ம்..."

அப்போ ங்ஙொய்ங்னு ஒரு தேனீ வந்து, வலது பக்கத்துக் குட்டிப்பூவுல எறங்குச்சு. இடது பக்கத்துப் பெரிய பூவைத் திரும்பிக்கூடப் பாக்கல. ஏன்னு ஒச்சப்பன் குனிஞ்சு பாத்தான். குட்டிப்பூ இப்பத்தான் கண்ணு முழிச்சு, பனி சொட்டச் சொட்ட வெடைப்பா நிக்குது. பெரிய பூவைத் தொட்டான். துவண்டு வெரல்லயே சாஞ்சுது. மடிப்புக்குள்ள இத்துனூண்டு வெள்ளை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

"அடியே, நீதானா? ராத்திரி பூரா முழிச்சிருந்தா இப்படித்தான் செவந்து போவியா?"ன்னு கேட்டுட்டு, இடது பக்கம் எடுத்தான் ஓட்டம்.

வாசலுக்கே கேட்டுச்சு, குவா... குவா... கருப்பட்டியைக் கரைச்சு ஒரு சொட்டுத் தொட்டு வைச்சான். பொம்பளப் புள்ள. சப்பு சப்புன்னு சப்பிட்டு, அழுகையை நிறுத்திட்டு அவனை முழிச்சு முழிச்சுப் பாத்துச்சு.

அப்புறந்தான் சிட்டம்மாவைப் பாத்தான். முகமெல்லாம் செவந்து, கழுத்து ஒரு பக்கமாச் சாஞ்சு கெடந்தா. "ஏன் இவ்வளவு நேரம்?"ன்னா. யாரு கேட்டும் குடுக்காம, ராத்திரி பூரா புள்ளையை அணைச்சுக்கிட்டே கெடந்திருக்கா.

வழில பட்ட பாட்டை ஒச்சப்பன் சொல்லவே இல்ல. புள்ளையை வாங்கித் தன் நெஞ்சோட வச்சுக்கிட்டான். "நான் வந்துட்டேன்ல. நீ தூங்கு சிட்டு"ன்னான்.

அவ தூங்கிட்டா. கதையும் படுத்துருச்சு. நீயும் கண்ணை மூடு, தங்கம்.