வெளியூர்க் கூடு

“என் வண்டியை வெளியூர் வரிசையில நிறுத்திட்டானுங்கம்மா,” என்றார் அப்பாத்துரை.

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியில் நின்றபடியே சொன்னார்.

வஞ்சியம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அப்பாத்துரையைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் அப்பாத்துரைக்கு அவர்தான் குரு. தறிக்காட்டில் ஓட்டு வீடு ஒன்றில் இருந்தார். அமைதியே உருவான குரு வேண்டுமென்றால் வேறு இடம் பார்க்க வேண்டும். இந்த அம்மாவுக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு.

“எந்த வரிசைங்க?”

“பாலத்துச் சுங்கச் சாவடியில. ஆளை விட்டுட்டானுங்க. வண்டியை விடல.”

“நீங்க எந்த ஊருங்க?”

“மேலாறு. உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“மேலாறு வெளியூர்தானுங்களே.”

இந்தப் பதிலுக்குத்தானா வெயிலில் இவ்வளவு தூரம் நடந்து வந்தோம் என்று அப்பாத்துரைக்கு எரிச்சலாக வந்தது.

மேலாறு மலைமேல் இருக்கும் ஊர். போன வருடம் வரை ஏழூர்ச் சங்கத்தில் இருந்தது. அந்த ஏழு ஊருக்கும் நடுவே சுங்கம் கிடையாது, சோதனை கிடையாது. எந்த ஊர் வண்டியும் எந்தச் சந்தைக்கும் போகலாம். அதற்காக ஒவ்வோர் ஊரும் பாலத்துக்கும் சாலைக்கும் பங்கு கொடுக்க வேண்டும், சங்கம் போடும் விதிக்குக் கட்டுப்பட வேண்டும்.

நம் பணத்தில் அடுத்த ஊர்க்காரனுக்குப் பாலமா என்று முதலில் கேட்டவர் அப்பாத்துரை. ஊர்க் கூட்டத்தில் தொண்டை கட்டும் வரை கேட்டார். கேட்கக் கேட்க ஊருக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆளாளுக்குக் கை தூக்கினார்கள். சங்கத்தை விட்டு வெளியே வந்தார்கள். அன்றைக்கு வெடி போட்டுக் கொண்டாடினார்கள். மலையை விட்டு இறங்க நமக்கும் அந்தப் பாலம் ஒன்றுதானே வழி என்று யாராவது சொல்லியிருக்கலாம். சொன்னார்கள்தான். வெடிச் சத்தத்தில் கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. உப்பு விலை ஏறியது. ஊரிலிருந்த ஒரே செக்குக்காரர், கடலைக்காய் மலையேறுவதற்குள் லாபத்தைச் சுங்கமே முழுங்கிவிடுகிறது என்று சொல்லி, செக்கைக் கழற்றிக்கொண்டு தறிக்காட்டுக்குக் குடிபோனார். வீடு வீடாக வந்து பட்டுக்கூடு வாங்கிய வியாபாரிகள் வருவதை நிறுத்தினார்கள். மேலாற்றில் மல்பெரி விளையும், புழு வளரும், கூடு கட்டும். அந்தக் கூட்டிலிருந்து நூல் இழுக்கும் பட்டறை மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. அத்தனையும் பாலத்துக்கு இந்தப் பக்கம், தறிக்காட்டில்தான்.

இப்போது தெருவே தன் கூட்டையெல்லாம் அப்பாத்துரையின் வண்டியில் ஏற்றியிருந்தது. சங்கம் வேண்டாமென்று சொன்னது நீங்கள்தானே, நீங்களே விற்றுக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கூடு காத்திருக்கிற சரக்கு அல்ல. நாள் கடந்தால் உள்ளே இருக்கும் புழு பூச்சியாகிக் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். துளை விழுந்த கூட்டில் நூல் இழுக்க முடியாது. நாளைக்குள் பட்டறைக்குப் போய்ச் சேராவிட்டால் வண்டி மொத்தமும் குப்பை. தெருவில் பாதி வீட்டில் அடுப்பு எரியாது.

இதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினார் அப்பாத்துரை. கடைசியாக, சாவடி அதிகாரி சென்னியப்பனும் உங்கள் சீடர்தானே, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார் என்றார்.

வஞ்சியம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“சங்கத்தை விட்டு வந்ததுல என்னங்க கெடச்சுது?”

“நம்ம விதியை இனி நாமளே போட்டுக்கலாமுங்க.”

“போட்டீங்களா?”

“போட்டோமுங்க. சாவடியில அது செல்லாதுங்கறாங்க.”

“என்ன சொல்லி நிறுத்தறாங்க?”

“வெளியூர்க் கூட்டுல நோய் இருக்குமாம். கூடைக்குக் கூடை அறுத்துப் பாத்து, மூணு நாள் வெச்சிருந்து, அப்புறந்தான் உள்ள விடுவாங்களாம். போன வருசம் இதே கூட்டைத்தானுங்க வாங்கினானுங்க. புழு மாறல, எலை மாறல. எவனோ மூளையில்லாதவன் போட்ட விதி.”

“எவரு போட்டது?”

அப்பாத்துரை அப்போதுதான் நினைவு வந்ததுபோலக் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

“கேட்டனுங்களே.”

“சங்கத்துல இருந்தப்ப… நான் போட்டதுங்க.”

நடந்தது இதுதான். பல வருடங்களுக்கு முன்னால், சங்கத்தில் சேராத சமவெளிக்காரர்கள் கூட்டை மலிவாகக் கொண்டுவந்து கொட்டி விலையைக் கெடுக்கிறார்கள் என்று மேலாற்றில் ஒரே புலம்பல். சங்கத்தில் மேலாற்றுக்காகப் பேச உட்கார்ந்திருந்தவர் அப்பாத்துரை. சமவெளிக் கூடு தரமில்லாதது, நோய் பிடித்தது என்று பேசிப் பேசி, வெளியூர்க் கூட்டுக்கென்று அந்த விதியைப் போட வைத்தார். மூன்று நாள் ரொம்ப அதிகம் என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவர் பிடித்த பிடியை விடவில்லை. சமவெளிக் கூட்டில் நோய் இருந்ததோ இல்லையோ, மேலாற்றுக் கூட்டுக்கு விலை ஏறியது. ஊரில் அவருக்கு மாலை போட்டார்கள்.

“ஆனா அது வெளியூர்க்காரனுக்குப் போட்டதுங்கம்மா,” என்றார் அப்பாத்துரை. “எனக்கில்ல.”

வஞ்சியம்மா தலையில் அடித்துக்கொண்டார். கையில் புளி இருந்தது நினைவில்லை. அப்படியே எழுந்தார்.

“வாங்க.”

அப்பாத்துரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா பேசப் போகிறார், வண்டி நகரப் போகிறது. வழியில் நூல் பட்டறைகள் வரிசையாக இருந்தன. மேலாற்றுக் கூடு இல்லாமல் இந்தப் பட்டறையெல்லாம் ஒரு மாதத்தில் பூட்டிக் கிடக்கும், நம்மைத் தேடி வந்து கெஞ்சுவார்கள் என்று ஊர்க் கூட்டத்தில் சத்தியம் செய்தவர் அவர்தான். உள்ளே ராட்டைகள் ஓடுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. வஞ்சியம்மா ஒரு வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார். அப்பாத்துரை வானத்தைப் பார்த்துக்கொண்டு மேலே நடந்தார்.

சாவடியில் சென்னியப்பன் இருவரையும் பார்த்து எழுந்து கும்பிட்டார். நல்ல மனிதர், சொன்னதைச் செய்கிறவர்.

“நீங்க போட்ட விதியை ஒரு வரி பிசகாம நடத்தறேனுங்க,” என்றார் அப்பாத்துரையிடம், பாராட்டை எதிர்பார்த்து.

அப்பாத்துரை பல்லைக் கடித்துக்கொண்டார்.

வஞ்சியம்மா சென்னியப்பனிடம் எதுவும் கேட்கவில்லை. தடுப்புக் கட்டையைத் தாண்டி நேராக வெளியூர் வரிசைக்குப் போனார். அப்பாத்துரை வேறு வழியில்லாமல் பின்னால் போனார்.

அவருடைய வண்டிக்கு முன்னால் ஒரு சமவெளி வண்டி நின்றது. வண்டிக்காரர் பெயர் தவசி. கீழே ஒரு சாக்கை விரித்துக் கால் நீட்டி உட்கார்ந்து, வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தார்.

தவசியின் கூடையிலிருந்து ஒரு கூட்டை எடுத்து அழுத்திப் பார்த்தார் அப்பாத்துரை. மெத்தென்று அமுங்கியது. அவருக்கு உற்சாகமாகிவிட்டது.

“பாருங்கம்மா. தரமுங்களா இது? முத்தறதுக்கு முந்தியே எடுத்திருக்காங்க. அன்னிக்கே நான் சொன்னனுங்க.”

தவசிக்கு இது காதில் விழுந்தது. கோபப்படவில்லை. முற்ற விட்டால் இங்கே நிற்கிற மூன்று நாளில் பூச்சி வந்துவிடும், அதனால் இளசாகவே எடுத்துவிடுகிறோம், எடை நிற்காது, பாதி விலைதான் கிடைக்கும், எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் என்றார். கடலையை நீட்டினார்.

“நீங்க புதுசுங்களா? ரெண்டு மூணு தடவை நின்னா பழகிரும்.”

அப்பாத்துரை கடலையை வாங்கவில்லை. அவருடைய வண்டியில் மேல் கூடையில் ஏதோ அசைந்தது. ஓடிப்போய்ப் பார்த்தார். ஒரு கூட்டின் முனை ஈரமாகி, பழுப்பேறி, கிழிந்திருந்தது. அதன்மேல் ஒரு வெள்ளைப் பூச்சி உட்கார்ந்து இறகை உலர்த்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு கூடும் ஈரமாகத் தொடங்கியிருந்தது.

அது யார் வீட்டுக் கூடை என்று அவருக்குத் தெரியும். பூச்சியைத் தட்டிவிட்டு, துளை விழுந்த கூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

“அம்மா, இப்பவாவது சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை.”

வஞ்சியம்மா அவரைப் பார்க்கவில்லை. தவசியைப் பார்த்தார்.

“எத்தனை வருசமா இங்க நிக்கறீங்க?”

“எங்கப்பா நின்னாருங்க. அவரு போனதுக்கப்புறம் நான். எவன் போட்ட விதியோ தெரியல. அந்த ஆளை ஒரு நாளாவது பாத்து, ஒண்ணு கேக்கணுமுங்க.”

“இவருதான்,” என்றார் வஞ்சியம்மா. “கேளுங்க.”

தவசி தின்பதை நிறுத்தினார். அப்பாத்துரையை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கையிலிருந்த கூட்டைப் பார்த்தார். பின்னால் நின்ற வண்டியைப் பார்த்தார்.

அப்பாத்துரைக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

தவசி மெல்ல நகர்ந்து, சாக்கில் பாதியைக் காலி செய்தார்.

“உக்காருங்க,” என்றார். “இன்னும் ரெண்டு நாளாகும்.”